கிஸிலோர்தா வரைக்கும் பேச்சு

மூஞ்சியப் பாத்தா அசல் கசாக், வாயத் தொறந்தா ரஷ்யன். இதத்தானே தம்பி சொல்ல வந்தே? தாராளமா சொல்லு. எனக்கொண்ணும் கோவமில்ல. அல்மாத்தியில பஸ்ஸுல, மார்க்கெட்டுல, முடிவெட்டுற கடையிலன்னு தினம் ஒருத்தராவது சொல்லிட்டுத்தான் போறாங்க. நீ துர்க்கிஸ்தான்ல ஏறி ஏதோ கேட்டப்ப நான் திருதிருன்னு முழிச்சேன் பாரு, அப்பவே உனக்கு விஷயம் புரிஞ்சிருக்கும். இந்த சீட்டு காலியான்னுதானே கேட்டே? பாத்தியா, பிடிச்சிட்டேன். கேட்டா கொஞ்சம் புரியும் தம்பி. பேசத்தான் வராது. நாக்கு அப்படியே மேல போய் ஒட்டிக்கும்.

உனக்கு ரஷ்யன் நல்லா வருதே? ஓ, ஓரன்பர்க் வரைக்கும் லாரி ஓட்டுறவனா நீ! அப்பக் கேக்கணுமா. லாரி துர்க்கிஸ்தான்ல படுத்துக்கிச்சா? அடப் பாவமே. சரி விடு, உன் கெட்ட நேரம் எனக்கு நல்ல நேரம். கிஸிலோர்தாவுலதானே இறங்கணும்? நானும் அங்கதான். இன்னும் ரெண்டு ரெண்டரை மணி நேரம் இருக்கு. நான் பேசிட்டே வருவேன், நீ கேட்டுட்டே வா. தூக்கம் வந்தா தூங்கிக்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன். நேத்து அல்மாத்தியில ஏறினதுலருந்து வாய் மூடல. மேல் பெர்த்துல ஒரு பொண்ணு இருந்துச்சு. ஷிம்கென்ட்ல இறங்குறப்ப, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மாமான்னு சொல்லிட்டுப் போச்சு. ரெஸ்ட் வேணும்னு சொன்னது எனக்கு இல்ல, அந்தப் புள்ளைக்கு.

இரு, ஒண்ணு மட்டும் முதல்லயே கேட்டுக்கறேன். கிஸிலோர்தாவுல ஸெய்துல்லான்னு ஒரு பெரியவர், எண்பத்தி நாலு வயசு, அந்தக் காலத்துல நெல் பண்ணையில தலைவரா இருந்தவர், தெரியுமா? அவங்க வீட்டுல யாரையாவது? தெரியாதா? சத்தியமா? அப்ப நிம்மதி. அவங்க வீட்டுக்குத்தான் போறேன். நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம். ஒரே பொண்ணு, இங்கார்னு பேரு, பல் டாக்டரா இருக்கா. மாப்பிள்ளை அந்தப் பெரியவரோட பேரன். ஆங்... உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் தம்பி.

என் பேரா? மார்லென். சிரிக்காதே. எங்கப்பா கட்சிக்காரர். மார்க்ஸ்ல முன்பாதியும் லெனின்ல முன்பாதியும் வெட்டி ஒட்டி வச்சுட்டாரு. எங்க தெருவுலயே மூணு மார்லென் இருந்தோம். ஒருத்தன் பேரை மாத்திக்கிட்டான். இன்னொருத்தன் ஜெர்மனி போயிட்டான். மிச்சம் இருக்கிறது நான்தான்.

வேலை லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருஷம். அதான் இந்த வாய். நீ லாரிக்காரன், உனக்கு ஸ்டியரிங் புடிச்சாப் போதும். எனக்கு அப்படியில்ல. ஒருத்தர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு வையி, மொதல்ல வேணுங்கிறது பேச்சு. கதவெல்லாம் அப்புறம்தான். வெளியிலருந்து பேசிட்டே இருக்கணும். என்ன சமையல், எத்தனை புள்ளைங்க, மாமியார் எப்படின்னு. பேச்சு நின்னுச்சுன்னா உள்ள இருக்கிறவங்க கதவைப் போட்டு இடிக்க ஆரம்பிச்சிருவாங்க. அந்தக் காலத்துல எல்லாருமே ரஷ்யன்லதான் மாட்டிக்குவாங்க, தொல்லையே இல்ல. இப்ப பாதிப் பேரு கசாக்ல மாட்டிக்கிறாங்க. நான் என்ன பண்ணுவேன் சொல்லு.

எனக்குத் தெரிஞ்ச கசாக் எல்லாம் லிஃப்ட் சொல்லிக் குடுத்ததுதான். நிஜமாத்தான் தம்பி. புது லிஃப்டுல ஒரு பொம்பளைக் குரல் பேசும்ல? ஒண்ணாவது மாடி, ரெண்டாவது மாடின்னு. பதினாறு மாடி வரைக்கும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அதுக்கு மேல எண்ணத் தெரியாது, எங்க கம்பெனி பாக்குற கட்டடம் எல்லாம் பதினாறோட முடிஞ்சிரும். அப்புறம், கதவு திறக்குது. கதவு மூடுது. எடை அதிகம், கடைசியா ஏறினவர் இறங்கவும். இவ்வளவுதான் என் தாய்மொழி.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு மாட்டிக்கிச்சு. ஒரு வார்த்தை ரஷ்யன் தெரியாது. உள்ள ஒரே அழுகை. யாரையாவது கூட்டிட்டு வர்றேன்னு கீழ ஓடின அவ அப்பன் ஆளையே காணோம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்ன பண்ண, எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கசாக்ல, அந்த லிஃப்டுக்காரி குரல்லயே. பதினாறு வரைக்கும் போய்த் திரும்பி இறங்கி வந்தேன். மூணாவது ரவுண்டுல உள்ளருந்து அந்தப் புள்ள அழுகைய நிறுத்திட்டு, பதினேழுன்னு கத்திச்சு. எனக்குச் சொல்லிக் குடுக்குதாம்! கதவைத் திறந்தப்ப முப்பத்திரெண்டுல நின்னோம். இப்ப முப்பத்திரெண்டு வரைக்கும் தெரியும்.

எங்க டீம்ல கென்னான்னு ஒரு ரஷ்யாக்காரன். வைக்கோல் மாதிரி முடி, நீலக் கண்ணு. ஆனா வளந்தது இந்தத் துர்க்கிஸ்தான் பக்கத்து கிராமத்துல. கசாக் பொளந்து கட்டுவான். நாங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குப் போனா, அந்த வீட்டம்மா என் மூஞ்சியப் பாத்துக் கசாக்ல பேசும். நான் கென்னாவப் பாப்பேன். கென்னா எனக்கு ரஷ்யன்ல சொல்லுவான். நான் ரஷ்யன்ல பதில் சொல்லுவேன், அவன் அந்தம்மாவுக்குக் கசாக்ல சொல்லுவான். அந்தம்மா மூஞ்சியில ஈயாடாது. ஒரு தடவை ஒரு பெரியம்மா கென்னாவுக்கு மட்டும் டீ குடுத்துச்சு, எனக்குக் குடுக்கல. எனக்குன்னா வெறும் மொறைப்புதான்.

அட, நான் முயற்சி பண்ணலன்னு நினைக்காதே. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் கசாக் கிளாஸ் போறேன். இலவசம். டீச்சர் அய்ஸாத், இருபத்திமூணு வயசு, கண்டிப்பான பொண்ணு. என் பக்கத்துச் சீட்டுல, போருக்கு ஆள் பிடிக்கிறாங்கன்னு நோவோசிபிர்ஸ்க்லருந்து ஓடி வந்த ஒரு ரஷ்யாக்காரப் பையன், மாக்ஸிம். கடையில போய் அவன், ரெண்டு ரொட்டி குடுங்கன்னு கசாக்ல சொன்னா, கடைக்காரன் எந்திரிச்சு நிக்கிறான், கை தட்டுறான், ரொட்டிய சும்மா குடுக்குறான். அதே கடையில, அதே வார்த்தைய நான் சொன்னா, ஏன் இப்படிக் கடிச்சுத் துப்புறீங்க, உங்களுக்கு வெக்கமா இல்லியாங்கிறான். எனக்கும் அவனுக்கும் ஒரே மார்க்குதான் தம்பி. அவனுக்கு மாலை, எனக்கு வசவு. அதுக்கப்புறம் ரொட்டி வாங்க மாக்ஸிமைத்தான் அனுப்புறது.

என்ன, சிரிச்சு முடிச்சியா? இந்தா, இந்த உப்புத் தயிர் உருண்டையப் போட்டுக்க வாயில. என் பொண்டாட்டி கட்டிக் குடுத்தது. நீ மென்னுட்டு இரு, நான் பேசுறேன்.

சின்ன வயசுல எனக்குக் கசாக் தெரியும் தம்பி. அம்மா வேற பாஷை பேசினதில்ல. எழுபதாம் வருஷம்னு நெனக்கிறேன், எனக்கு ஏழு வயசு. ட்ராலிபஸ்ஸுல அம்மா மடியில உக்காந்து என்னமோ கேட்டேன், அம்மா ஏதோ சொல்லிச்சு. முன்னாடி சீட்டுல இருந்த ஒரு பொம்பளை திரும்பிப் பாத்து, மனுஷ பாஷையில பேசுங்கன்னு ரஷ்யன்ல சொன்னா. பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அம்மாவுக்குச் சரியா புரியல, சிரிச்ச முகமா அந்தப் பொம்பளைக்குத் தலையாட்டிச்சு. எனக்குப் புரிஞ்சிருச்சு. நான் மடியிலருந்து இறங்கி, தள்ளிப் போய்க் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாரோ ஒரு அம்மா, எனக்குச் சம்பந்தமே இல்லங்கிற மாதிரி. அன்னைலருந்து வெளியில வந்தா அம்மா என்கிட்ட பேசாது. தலையாட்டும், கையைக் காட்டும், அவ்வளவுதான். அந்தப் பொம்பளை மேல எனக்குக் கோவமே இல்ல. என் மேலதான்.

சரி, ஏழு வயசுப் பையன், விடுன்னு சொல்லலாம். முப்பத்தஞ்சு வயசுல நான் பண்ணினதுக்கு என்ன சொல்லுவே? என் பொண்டாட்டி ரவ்ஷான், தல்திகோர்கான் பக்கத்துக்காரி. கசாக்ல பேசினா கேட்டுட்டே இருக்கலாம். இங்கார் பொறந்தப்ப அவகிட்ட நான் சொன்னேன், இந்தா பாரு, புள்ளை நாளைக்குப் படிக்கணும், காலேஜ் போகணும், வீட்டுல ரஷ்யன் மட்டும்தான், உன் பாஷை ஆடு மேய்க்கத்தான் உதவும்னு. ஆமா தம்பி, இந்த வாயாலதான் சொன்னேன். நாடு சுதந்திரம் வாங்கி ஏழு வருஷம் ஆகியிருந்துச்சு. எனக்குப் புத்தி வரல. அவ சண்டை போடல. சரின்னுட்டா. அதோட தாலாட்டுப் பாடுறதையும் நிறுத்திட்டா. நிறுத்தினதுகூட எனக்குத் தெரியல, அதான் வேதனை. இருபது வருஷம் கழிச்சு ஒரு நாள் அவளே சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பொண்ணு என்ன பண்ணினா தெரியுமா? காலேஜ் போனதும் தானாக் கத்துக்கிட்டா. ஒரே வருஷம். அப்புறம் அம்மாவும் பொண்ணும் சமையல்கட்டுல கசாக்ல பேசிச் சிரிப்பாங்க. நான் உள்ள போனா ரஷ்யனுக்கு மாறிடுவாங்க. மரியாதைக்குத்தான். ஆனா சிரிப்பு நின்னுரும். நான் பல நாள் உள்ள போகாம, தண்ணி குடிக்கணும்னாலும் வெளியிலயே நின்னுருக்கேன்.

அதனால எனக்கு ஒரே ஆசை. கல்யாணத்துல பொண்ணோட அப்பன் கையை விரிச்சு ஆசீர்வாதம் சொல்லணும்ல? அதை நம்ம பாஷையில, என் வாயால சொல்லணும். நாலே நாலு வரி. அந்த ஆசைதான் என்னை எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு கேளு.

ஏப்ரல்ல சம்பந்தி வீட்டுக்காரங்க பொண்ணுக்குக் கம்மல் போட்டு நிச்சயம் பண்ண அல்மாத்தி வந்தாங்க. பன்னெண்டு பேரு. நடு எடத்துல பெரியவர் ஸெய்துல்லா. ஆட்டுத் தலைய அவர் முன்னாடி வச்சோம், அவரு அதோட காதை அறுத்துச் சின்னப் புள்ளைக்குக் குடுத்தாரு, எல்லாம் முறையா நடந்துட்டிருக்கு. நான் அதுக்கு மூணு வாரம் முன்னாடியே போன்ல ஒரு வீடியோ பாத்து ஆசீர்வாதம் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருத்தர், பெரிய விருந்து, குதிரைக் கறி, நிறைய சனம். கண்ணு கலங்கச் சொல்லுவாரு பாரு, கேக்குறவங்களும் மூக்கை உறிஞ்சுவாங்க. பொண்ணை அனுப்புற வீடுன்னா அழத்தானே செய்வாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். லிஃப்டுக் குழிக்குள்ள உக்காந்து உருப்போட்டேன். அங்க குரல் நல்லா எதிரொலிக்கும். உச்சரிப்பு அச்சு அசல்.

யாரும் கேக்கல தம்பி. நானாத்தான் எந்திரிச்சேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா? கையை விரிச்சேன். அவங்களும் விரிச்சாங்க, உனக்குத் தெரியுமே, ஒருத்தர் ஆரம்பிச்சுட்டா யாரும் கையைக் கீழ போட முடியாது. வீடியோவுல ஒரு எடத்துல ஒரு பெரிய மனுஷன் பேரு வந்துச்சு. அங்க மரியாதைக்கு நம்ம சம்பந்தி வீட்டுப் பெரியவர் பேரைச் சொல்லணும்போலன்னு நானே யோசிச்சு, ஸெய்துல்லான்னு அவர் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். என் பொண்டாட்டி முகம் வெளுத்துப் போச்சு. பொண்ணு என் சட்டையப் பிடிச்சு இழுத்தா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பன் இவ்வளவு நல்லாப் பேசுறானேன்னு உணர்ச்சிவசப்படுறான்னு நினைச்சேன். இன்னும் குரலை ஏத்தினேன்.

ஆமா தம்பி. அதேதான். கருமாதி விருந்துல சொல்றது. ஸெய்துல்லாவோட கல்லறை விசாலமா இருக்கட்டும், அதுக்குள்ள வெளிச்சம் இருக்கட்டும், விட்டுட்டுப் போனவங்க அவர் பேரைச் சொல்லி நூறு வருஷம் வாழட்டும். பன்னெண்டு வரி. அந்த மனுஷன் கையை விரிச்சு வச்சுக்கிட்டு, கடைசி வரி வரைக்கும் என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. முடிச்சேன். அவரும் ஆமீன் சொல்லி முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு.

சிரி, சிரி. டீ மூக்குல ஏறிடப் போகுது. அன்னைக்கு அந்தப் பெரியவரும் இப்படித்தான் சிரிச்சாரு. எனக்கு இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்ல, என்ன, கொஞ்சம் சீக்கிரம் சொல்லிட்டாருன்னாராம். ரவ்ஷான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னா. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. என் மானம் கப்பலேறிப் போச்சு, ஆனா விருந்து தப்பிச்சுச்சு. நல்ல மனுஷன்.

அந்த நல்ல மனுஷன் ஜூன் மாசம் படுத்துட்டாரு. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில பதினெட்டு நாள். இல்லயில்ல, இருக்காரு, எந்திரிச்சு நடக்குறாரு, சாப்பிடுறாரு. பிரயாணம் மட்டும் கூடாதுன்னுட்டாங்க. அதனாலதான் அல்மாத்தியில தனியா பொண்ணு வழியனுப்பு விருந்து வைக்காம, அதையும் கல்யாணத்தையும் சேத்துக் கிஸிலோர்தாவுலயே வைக்கிறது. ஆனா அந்த வீட்டுப் பொம்பளைங்க வாய் சும்மா இருக்குமா? அந்த ஆளு வாய் வச்சாரு, இவர் படுத்துட்டாருன்னு பேசிக்கிட்டாங்களாம். என்கிட்ட ஒருத்தரும் சொல்லல. போன்ல, நலமா சம்பந்தி, நலமா சம்பந்தின்னுதான். நான் அன்னைலருந்து ராத்திரி தூக்கம் இல்லாம, அந்த மனுஷன் பிழைக்கணும் பிழைக்கணும்னு ரஷ்யன்ல வேண்டிக்கிட்டேன். கடவுளுக்கு ரஷ்யன் தெரியும்போல.

இரு, சுடுதண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன். உன் டம்ளரையும் குடு.

இந்தா, சூடு, பாத்துப் பிடி. வெளியில பாரு, நெல்லு வந்துருச்சு. ஸ்டேஷன் இன்னும் அரைமணி நேரம்னு கண்டக்டர் அம்மா சொல்லிச்சு. பொண்ணும் பொண்டாட்டியும் போன வாரமே பிளேன்ல வந்துட்டாங்க. நான்தான் ரயில்ல வர்றேன்னுட்டேன். பதினாறு மாடிக்கு மேல எனக்கு ஆகாதுன்னு சாக்குச் சொன்னேன். காரணம் அது இல்ல. ரயில்னா இருபது மணி நேரம் பேசலாம்ல.

புரியல? சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணு. அந்தப் பையில, மேல, வெள்ளைத் துணிக்கட்டு இருக்கும் பாரு. ஆஸ்பத்திரிக் கட்டுத்தான். அதை எடு. ஸ்டேஷன் வர்றப்ப என் கழுத்தைச் சுத்திக் கட்டி விடணும். எனக்குப் பின்னாடி கை எட்டாது. அடிபடல தம்பி, ஒண்ணும் ஆகல. தொண்டை ஜோரா இருக்கு, இருபது மணி நேரமாப் பேசுறது தெரியலியா? ஆனா எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகியிருக்கு. ஒரு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அப்படித்தான் இங்கார் அவங்க வீட்டுல சொல்லி வச்சிருக்கா. பல் டாக்டர் பொண்ணு சொன்னா தொண்டையப் பத்தி யாரு சந்தேகப்படப் போறா.

ஏய், அவளைத் திட்டாதே! என் பொண்ணைப் பத்தி என் எதிர்லயே பேசாதே. அவ என்ன பண்ணுவா? மாமியார்க்காரி மெதுவாக் கேட்டிருக்கா, அப்பா கல்யாணத்துல ஆசீர்வாதம் சொல்லுவாராம்மான்னு. பயம் தம்பி, அவங்களுக்கு. என் வாயைப் பாத்து அவ்வளவு பேரு பயந்து போய்க் கிடக்கும்போது, இவ போய் எங்கப்பா சொல்லத்தான் செய்வாருன்னு சொன்னா அந்த வீட்டுல எப்படிக் காலடி எடுத்து வைப்பா? வேண்டாம்னா எனக்கு அவமானம். சொல்லட்டும்னா அவங்களுக்குப் பயம். ரெண்டு பக்கமும் மானத்தைக் காப்பாத்த ஒரு பொய் சொன்னா. என்கிட்ட வந்து சொல்றப்ப அழுதுட்டா. அப்பா, மூணு நாள் மட்டும்பான்னா. ரஷ்யன்லதான் சொன்னா, எனக்குப் புரியணும்ல.

நான் சிரிச்சேன். அட இவ்வளவுதானா, மூணு நாள் நாக்குக்கு லீவுன்னேன். ராத்திரி படுக்கையில லேசாப் புலம்பினேன். ரவ்ஷான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டே சொன்னா, இருபது வருஷம் என் வாயை மூடி வச்சீங்க, மூணு நாள் உங்க வாயை மூட முடியாதான்னு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இருந்துச்சு. அவ சொன்னதுல என்ன தப்பு?

இப்ப ஆசீர்வாதத்தை என் மச்சான் தோக்தர் சொல்லப் போறான். குதிரை வளக்குறவன். எட்டு ஊருக்குக் கேக்குற குரல், நல்லாத்தான் சொல்லுவான். இருந்தாலும் மனசு கேக்குதா? இங்கார் எந்த ஸ்கூல்ல படிச்சான்னு அவனைக் கேளு, தெரியாது. அவளுக்கு எந்தப் பல்லு முதல்ல விழுந்துச்சுன்னு தெரியுமா? எனக்குத் தெரியும். நான்தான் நூல் கட்டி இழுத்தேன்.

இதைக் கேளு. யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்றேன். அந்தக் கருமாதிக் கூத்துக்கு மறுநாளே டீச்சர் அய்ஸாத்கிட்ட போய் நின்னேன். எம்மா, பொண்ணுக்கு, உயிரோட இருக்கிற பொண்ணுக்கு, நாலு வரி எழுதிக் குடுன்னேன். வார்த்தை வார்த்தையா அர்த்தம் கேட்டு, இந்தத் தடவை புரிஞ்சு படிச்சேன். கடைசி வரி நானே யோசிச்சது. டீச்சர் திருத்திக் குடுத்துச்சு. நாலு மாசம். கல்யாணத்துல இங்காரைத் திடுக்கிட வைக்கலாம்னு மூச்சு விடாம இருந்தேன். நான் சொல்றதுக்கு முன்னாடி அவ வந்து ஆபரேஷன் கதையச் சொல்லிட்டா. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல? எனக்கு நாலு வரியும் தெரியும்டின்னு சொன்னா அவ இன்னும் அழுவா. அதனால வாயைத் திறக்கல. அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

வேண்டாம் தம்பி. நீ நல்ல எண்ணத்துலதான் சொல்றே. ஆனா நீ அவகிட்ட போய் ஒண்ணும் சொல்லக்கூடாது, நானும் சொல்ல மாட்டேன். திடீர்னு எனக்குக் குரல் வந்துருச்சுன்னா, போற வீட்டுல முதல் நாளே என் பொண்ணு பொய்க்காரி ஆயிடுவாள்ல? அப்புறம் அவ எது சொன்னாலும் நம்புவாங்களா? அப்பன் ஊமையா இருந்துட்டுப் போறான், ஒண்ணும் குறைஞ்சிடாது.

ஆனா உள்ளயே வச்சுக்கிட்டு இறங்க முடியல. உனக்குக் கசாக் தெரியும். சரியா இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்றியா? யாராவது ஒருத்தர் கேட்டாப் போதும். அந்தத் துணிய மடியில வையி, முதல்ல இதை முடிச்சுடறேன்.

ஏன் தம்பி கையை விரிக்கிறே? சும்மா கேட்டாப் போதும்னுதானே... சரி. விரி. உன் இஷ்டம்.

மகளே. போற வீட்டு வாசல் உனக்கு அகலமா இருக்கட்டும். உன் அடுப்புல நெருப்பும் உன் பானையில கறியும் குறையாம இருக்கட்டும். மாமியார் உன்னை மகளேன்னு கூப்பிடட்டும், கூப்பிடலன்னாலும் நீ முகம் வாடாம இரு. உன் பிள்ளைங்க எந்த பாஷையில சிரிச்சாலும், எந்த பாஷையில அழுதாலும், அது உனக்குப் புரியட்டும்.

ஆமீன்.

தப்பு ஏதும் இல்லியே? எங்கயாவது இடிச்சுதா? உன் மீசைக்கும் தோளுக்கும் முன்னாடி மகளேன்னு சொல்ல எனக்கே சிரிப்பு வந்துச்சு, நீயும் பொறுத்துக்கிட்டே. தம்பி? முகத்தைத் துடைச்சுட்டா கையை எடுத்துறலாம். முடிஞ்சிருச்சு. எடு தம்பி, நீ இப்படி இருந்தா நான் எப்படி இறங்குறது.

வண்டி நிக்குது. அதோ, பச்சை உடுப்புல, பூவோட நிக்கிறா பாரு, அதான் இங்கார். இந்தப் பக்கம் பாக்குறா. துணியக் கட்டு, சீக்கிரம். இன்னும் ஒரு சுத்து. இறுக்கமாவே கட்டு.